என் அண்ணன் மகள்கள் இருவர்

தோட்டத்திலே பிறந்து வளர்ந்த பெண்களுக்கு உடம்பைப் பற்றிப் பேச ஒரு தனி மொழி உண்டு. காய்ச்சல், தலைவலி, முட்டி வலி, உளி பட்ட காயம் இவற்றையெல்லாம் பெரட்டுக் களத்திலேயே உரக்கச் சொல்லுவோம். இடுப்புக்குக் கீழே ஏதேனும் கோளாறு என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். ‘சூடு’ என்போம். ‘தூரம்’ என்போம். ‘பொம்பளை சமாச்சாரம்’ என்று முடித்துவிடுவோம். அந்த உறுப்புக்கு ஒரு பெயர் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டோம். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸரோ ஆண்பிள்ளை. அவர் முன்னே நின்று என்னவென்று சொல்வது? “வயித்து வலிங்கையா” என்பார்கள். அவரும் வயிற்று வலிக்குள்ள மருந்தை ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்ட வலிக்குத்தானே மருந்து கிடைக்கும்!

என் பெரியம்மா அப்படிப் போத்தல் மருந்து வாங்கிக் குடித்தவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் அவர் பால் வெட்டினார். பதினாறு வயதிலே கல்யாணம், ஆறு பிள்ளைகள். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால், நானூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டி முடித்துத்தான் நிமிர்வார். 1983-ஆம் ஆண்டில், மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் அவருக்கு இரத்தம் பட ஆரம்பித்தது. வயது நாற்பத்து நான்கு. லயத்திலிருந்த மூத்த பெண்கள், “நிக்கப்போற காலம், அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ஒருத்தி சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னாள். எல்லாம் அன்பினாலே சொன்னதுதான்.

சில மாதங்களில் வாடை வர ஆரம்பித்தது. அதன்பிறகு பெரியம்மா கோயில் திருவிழாவிலும் கூட்டத்தோடு உட்காராமல் ஓரமாய்த் தனியே உட்காருவார். இடுப்பு வலி, கால் வீக்கம் எல்லாம் வந்த பின்னால்தான் ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். கதிர் வைத்துப் பார்த்தார்கள். 1984-ல் தைப்பூசம் கழிந்து சில வாரங்களில் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. ‘வயித்துல கட்டி’ என்று ஊருக்குச் சொன்னார்கள். அவர் பெற்ற மூன்று பெண்களுக்கும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். அது கர்ப்பப்பையின் வாயில் வந்த புற்று என்பதை, பிறகு வெகு காலம் கழித்து என் அப்பா வாய்தவறிச் சொன்னபோதுதான் நான் அறிந்தேன்.

கர்ப்பப்பை வாய் என்றால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி. ஒரு சுரைக் குடுவையைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் குறுகிய கழுத்து கீழே வருமல்லவா, அந்தக் கழுத்துதான். பிள்ளை பிறக்கும்போது விரிந்து கொடுப்பதும் அதுவே. அந்த இடத்துத் தோலில் உண்டாகும் மாற்றங்களை, புற்றாக மாறுவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கலாம் என்று காட்டியவர் கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போன டாக்டர் பாப்பனிக்கோலாவ். அவருடைய புத்தகம் 1943-ல் வெளிவந்தது. நாம் ‘பாப் ஸ்மியர்’ என்று சொல்வது அவர் பெயரின் முதல் துண்டைத்தான். இதிலே எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அவருடைய ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் தன் உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்து வந்தவர் அவருடைய மனைவி. பெயர் கணவருக்கு, பாடு மனைவிக்கு. நம் வீட்டுக் கதைதான்!

நம் நாட்டில் இந்தப் பரிசோதனை 1969 முதலே இருந்து வந்திருக்கிறது. ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வந்த பெண்களுக்குத்தான் அதைச் செய்தார்கள். என் பெரியம்மா அந்தப் படியை மிதித்ததில்லை. இருபது முதல் அறுபத்தைந்து வயது வரையிலான எல்லாப் பெண்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது 1995-ல். அவர் இறந்து பதினோராண்டு கழித்து.

பெரியம்மா இரத்தம் பட்டு முடங்கிய அதே 1983-ல்தான், ஜெர்மனியில் டாக்டர் ஹரால்ட் சூர் ஹாவுசன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் இந்தப் புற்றுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. அதிலே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். சில கை காலில் பாலுண்ணி போடும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. பொல்லாதவை ஒரு டஜன் போல. அவற்றில் 16-ஆம் எண்ணும் 18-ஆம் எண்ணும் சேர்ந்தே, உலகத்தில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பத்துக்கு ஏழு பங்குக்குக் காரணம். 2008-ல் அந்த டாக்டருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அமெரிக்காவிலே ஹென்ரியேட்டா லாக்ஸ் என்றொரு கறுப்பினப் பெண் இருந்தார். புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்து, சின்ன வயதிலேயே அந்த வேலையைச் செய்தவர். ஐந்து பிள்ளைகளின் தாய். 1951-ல் முப்பத்தோராவது வயதில் இதே புற்றினால் இறந்தார். அவரைக் கேட்காமலேயே அவர் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஆராய்ச்சிக் கூடங்களில் இன்றுவரை பெருகி வளர்ந்துகொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பு மருந்து முதல் எத்தனையோ மருந்துகள் உருவாக அவை உதவியிருக்கின்றன. பிற்காலத்தில் அந்தச் செல்களைச் சோதித்தபோது உள்ளே இருந்தது 18-ஆம் எண் கிருமி. ஒரு தோட்டத்துப் பெண்ணின் உடம்பு உலகத்துக்கு மருந்து கொடுத்தது. அவர் குடும்பத்துக்கு அந்த விஷயமே பல ஆண்டுகளாகத் தெரியாது. இதைப் படித்த நாளில் எனக்குப் பெரியம்மாவின் மூன்று பெண்களின் ஞாபகம் வந்தது.

இனி என் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, அண்ணன் குடும்பம் சுங்கைப் பட்டாணிப் பக்கம் குடியேறிவிட்டது. மலிவு விலை அடுக்குமாடி வீடு, நாலாவது மாடி. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் 1994-ல் பிறந்தவள், இளையவள் 1998-ல். மூத்தவளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, தொழிற்சாலையில் வேலை. புருஷன் லோரி ஓட்டுகிறார். இளையவள் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

இந்த நாலு வயது வித்தியாசம் ஒரு பெரிய கோடு என்பதை நான் 2024 தீபாவளிக்கு முன் வாரத்தில்தான் முழுதாக உணர்ந்தேன். மலேசிய அரசாங்கம் 2010-ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்களில் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போட ஆரம்பித்தது. இளையவள் 2011-ல் முதலாம் படிவம். அவளுக்குப் போட்டார்கள். அப்போது மூன்று ஊசி. 2015 முதல் இரண்டாகக் குறைத்தார்கள். மூத்தவள் 2007-லேயே முதலாம் படிவத்தைக் கடந்துவிட்டாள். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பள்ளிக்கூடம். ஒருத்தி கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம்.

மூத்தவள் அந்த ஆண்டு நடுவிலே குழந்தைக்கு ஊசி போட அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். மிஸ்ஸி அவளுடைய ஐ.சி.யைப் பார்த்துவிட்டு, ‘உனக்கு முப்பதாகிவிட்டதே, ஒரு பரிசோதனை எடுத்துக்கொள்’ என்று சொல்லியிருக்கிறார். முன்போலப் படுக்கையில் படுத்துக் காலை விரிக்க வேண்டியதில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியைப் போலக் கொஞ்சம் நீளமாக ஒரு குச்சி. திரைக்குப் பின்னே போய்த் தானே உள்ளே விட்டுச் சுழற்றி, குழாயில் போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஐந்து நிமிஷ வேலை. மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் ‘ரோஸ்’ என்ற திட்டத்தின் மூலம் 2018-ல் இதை நம் நாட்டில் பரீட்சித்துப் பார்த்தார்கள். முடிவைக் கைப்பேசிக்கே அனுப்பினார்கள். 2019 முதல் அரசாங்கக் கிளினிக்குகளிலும் படிப்படியாக வந்திருக்கிறது. இவளும் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். சில வாரம் கழித்துக் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். 16-ஆம் எண் கிருமி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருவி வைத்துப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள்.

அவள் போகவில்லை. அந்தத் தாளைக் குழந்தையின் கிளினிக் புத்தகத்துக்குள்ளே மடித்து வைத்துவிட்டாள்.

தீபாவளிப் பலகாரத்துக்கு உதவியாக நான் போயிருந்தேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். நானும் மூத்தவளும் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தோம். அவள் முகமே சரியில்லை. இரண்டு தடவை எண்ணெய் காய்வதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். என்னம்மா என்று கேட்டதுதான் தாமதம், அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நாள் தாண்டி ஏழு வாரம் ஆகியிருந்தது.

“அத்தே, நான் அப்படிப்பட்டவ இல்ல” என்றாள்.

வாசகியரே, அவள் முதலில் சொன்ன வார்த்தை இதுதான். எனக்குப் புற்று வந்துவிடுமா, என் பிள்ளையை யார் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறாள். ‘உடலுறவால் பரவும் கிருமி’ என்று போட்டிருந்திருக்கிறது. அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு மூன்று மாதம் தனக்குள்ளேயே அழுதிருக்கிறாள். தன்னைப் புருஷன் சந்தேகப்படுவாரோ என்று பயம். பிறகு புருஷன் மேலேயே சந்தேகம். லோரியில் ஜொகூர் வரை போகிறாரே, எங்கே என்ன செய்தாரோ என்று. அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னபோது, “யாருகிட்டயும் மூச்சு விடாதே, உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம்” என்றிருக்கிறார் அண்ணி. அண்ணி கெட்டவர் அல்லர். இந்த இரண்டு பெண்களுக்காக உழைத்து உழைத்தே தேய்ந்தவர். அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்: மறைப்பது.

அன்று அவளுக்கு நான் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். எனக்கு இதைப் புரியவைத்தவர் ஓய்வு பெற்ற ஒரு தாதி. அவரும் லயத்துப் பிள்ளைதான்.

இந்தக் கிருமி தோலோடு தோல் படுவதால் தொற்றுவது. தாம்பத்திய வாழ்க்கை நடத்தும் ஆண் பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் இது வந்து போகிறது. ஒரே புருஷனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஒரே மனைவியோடு வாழ்ந்த ஆணுக்கும் வரும். வந்தால் காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை, வலி இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பே இரண்டொரு ஆண்டில் அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் தூங்கிக் கிடந்து பிறகு பரிசோதனையில் தெரிவதும் உண்டு. ஆகவே எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தத் தாள் யாருடைய நடத்தைக்கும் சாட்சி சொல்லவில்லை. ஆண்களுக்கு இதைக் கண்டுபிடிக்க அன்றாடப் பரிசோதனையும் கிடையாது. ஆகையால் புருஷனை இழுத்துக்கொண்டு போய் ‘உனக்கு இருக்கிறதா பார்’ என்று நிரூபிக்கவும் வழியில்லை. அந்தச் சண்டையை ஆரம்பிப்பதில் அர்த்தமே இல்லை.

தங்கிவிட்ட கிருமி என்ன செய்கிறது? மெதுவாக, மிக மெதுவாக, கர்ப்பப்பை வாயின் தோலைக் கெடுக்கிறது. புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் பிடிக்கும்; எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு ஐந்து பத்து ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். இத்தனை ஆண்டு அவகாசம் கொடுக்கிற புற்று வேறு அதிகம் இல்லை. பால்மரத்துப் பட்டையில் நோய் விழுந்தால் ஆரம்பத்திலேயே செதுக்கி மருந்து பூசுவோமே, அப்படிச் செதுக்கி எறிந்துவிடக் கூடிய காலம் அது. பெரியம்மாவுக்கும் அந்தக் காலம் இருந்தது. பிள்ளைகளைப் பெற்று, மரம் வெட்டி, பால் சுமந்த அந்த ஆண்டுகளெல்லாம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மூத்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப இவருகிட்ட நீங்களே சொல்றீங்களா அத்தே?” என்றாள். நான் மறுத்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டி பேச வேண்டியதை நடுவில் ஒருவர் சுமந்து போனால் அது புகார் ஆகிவிடும். தீபாவளி முடிந்த மறுநாள் அவளே சொன்னாள். அந்தப் பிள்ளை இரண்டு நாள் சரியாகப் பேசவில்லையாம். மூன்றாம் நாள், “எனக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?” என்று மட்டும் கேட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் புது நாள் வாங்கியது அவர்தான். வேலைக்கு லீவு போட்டுக் கூடவே போனார்.

2025 ஜனவரியில் பார்த்தார்கள். அந்தப் பரிசோதனைக்குக் கோல்போஸ்கோப்பி என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றை வெளியிலேயே நிறுத்தி வைத்து உள்ளே பார்க்கிறார்கள். நாம் அச்சாருக்கு ஊற்றும் சுக்காவில் இருக்கிற அதே அமிலத்தைத் தண்ணீரில் கலந்து தடவுவார்கள். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். சுக்காவுக்குள்ளே இப்படி ஒரு கண் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்! வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் கடுகளவு கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்றுக்கு முந்திய மாற்றம், அதிலே மூன்றாவது படி. இன்னும் புற்று ஆகவில்லை என்று முடிவு வந்தது. பிறகு ஒரு நாள், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தத் துண்டை வழித்தெடுத்தார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டாள். சில வாரம் பாரம் தூக்கக் கூடாது, சேர்க்கை கூடாது என்றார்கள். இனி பிள்ளை உண்டானால் சிலருக்குக் குறைமாதப் பிரசவம் ஆகலாம், ஆகவே டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனாலும் பல ஆண்டுகளுக்கு அவள் விடாமல் போய்க் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

இளையவளின் கதை வேறு. அக்காளுக்கு ஆனதை அறிந்ததும் அவள் என்னிடம், “எனக்கு ஒண்ணும் இல்ல அத்தே, நாங்க ஸ்கூல்லயே ஊசி போட்டுட்டோம்” என்றாள். எதற்கான ஊசி என்று கேட்டேன். யோசித்தாள். ஏதோ சத்து ஊசி என்று அப்போது நினைத்தாளாம். கை வலித்ததும், அன்று கணக்குப் பாடம் நடக்காததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது! பள்ளியிலிருந்து வந்த பாரத்தில் அண்ணன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மலாயில் இருந்தது, மகள் நீட்டினாள், போட்டார். நாட்டில் இப்படிக் கையெழுத்து விழுந்த தாள்கள் எத்தனையோ! கையெழுத்து விழுந்தது நல்லதுதான், பிள்ளைகள் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் எதிலிருந்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று இருபத்தைந்து வயதைத் தாண்டி நிற்கும் அந்தப் பெண்கள் பலர், ஊசி போட்டாயிற்று, இனிப் பரிசோதனையே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊசியின் பலம் சாதாரணமானதல்ல. இங்கிலாந்தில் 2008-ல் பள்ளிகளில் போட ஆரம்பித்தார்கள். 2021-ல் வெளிவந்த கணக்குப்படி, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் போட்டுக்கொண்ட பெண்களுக்கு இந்தப் புற்று 87 விழுக்காடு குறைந்திருந்தது. ஊசி போட்டால் கர்ப்பப்பை கெட்டுப்போகும், பிள்ளை பிறக்காது என்பதெல்லாம் வெறும் புரளி. ஊசி போட்டால் பெண் தைரியமாகக் கெட்டுப்போவாள் என்று ஒரு பெரியவர் கல்யாண வீட்டில் சொல்லக் கேட்டேன். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. பந்தி நடுவிலே எதற்கு! இங்கே சொல்கிறேன்: அம்மை ஊசி போட்ட பிள்ளை அம்மையைத் தேடிப் போவதில்லை. ஆயினும் ஊசி எல்லா எண்களையும் தடுக்காது. ஏற்கெனவே தங்கிவிட்ட கிருமியை விரட்டவும் அதற்குத் தெரியாது. ஆகவே ஊசி போட்டவளும் வயது வரும்போது பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளில் எனக்கு வருத்தம் தந்த செய்தி ஒன்று உண்டு. அவற்றில் சிலவற்றில், மூன்று இனத்துப் பெண்களிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்று அதிக விகிதத்தில் வந்தது இந்தியப் பெண்களுக்குத்தான். இதற்கு நம் இரத்தத்திலே ஏதோ குறை என்று நான் நம்பவில்லை. நாலரை மணிக்கு எழுந்து மாலையில் களைத்து விழுகிறவளுக்கு, வலியில்லாத நோய்க்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிளினிக்கில் காத்திருக்கத் தோன்றுமா? அதிலும் அங்கே மலாயில் என்ன சொல்வது என்ற தயக்கம் வேறு.

அதனால் அந்தச் சொல்லை இங்கே எழுதிவிடுகிறேன். கவுண்டரில் போய் ‘சாரிங்ஙான் கான்சர் செர்விக்ஸ்’ என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். ‘பங்கால் ராஹிம்’ என்றாலும் அதே உறுப்புதான். முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனை, கிருமி இல்லையென்றால் ஐந்தாண்டுக்கு ஒரு தடவை போதும். தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் முப்பதுக்குக் குறைந்த பெண்களுக்குப் பாப் ஸ்மியர் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். அங்கே 2019 முதல் உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண்களுக்கு ஊசியும் இலவசமாகக் கிடைக்கிறது. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். பெண் மிஸ்ஸியே வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேர்க்கைக்குப் பின் இரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்று ஓராண்டான பிறகு திரும்ப வந்தாலோ, வாடையோடு நீர் பட்டாலோ, பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள். ‘வயித்து வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளையோ, புகுமுக வகுப்பில் இருக்கும் பிள்ளையோ வீட்டில் இருந்தால், ஊசி எப்போது என்று நீங்களாகவே பள்ளியிலும் கிளினிக்கிலும் கேட்டுவிடுங்கள். 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம் இருபது வயது வரை உள்ள பெண்களுக்கு ஒரே ஊசியும் போதிய பாதுகாப்புத் தரும் என்று அறிவித்துவிட்டது.

பெரியம்மாவின் பெண்கள் மூவருக்கும் நான் போன் போட்டுப் பேசினேன். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு வந்தது என்னவென்று சொன்னபோது மூத்தவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அதான் அம்மா எங்களைப் பக்கத்துல படுக்க விடலையா?” என்றார். தாயிடமிருந்து மகளுக்கு அது வாடையாலோ கட்டிப் பிடிப்பதாலோ ஒட்டுகிற நோய் அல்ல என்று நான் சொன்னேன். இருவர் போய்ப் பரிசோதனை கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பெண் இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறதாம். வாரா வாரம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் முதலாம் படிவத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். போன தடவை நான் போயிருந்தபோது, பள்ளியில் கொடுத்த ஊசிப் பாரத்தோடு வந்தாள். அவள் அம்மாவுக்கு மலாய் படிக்க வராது. இளையவள் அதை வாங்கி, தாயையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். கர்ப்பப்பை வாய் என்ற சொல் வந்தபோது அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமையலறையிலிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இளையவள் நிறுத்தாமல் மீதியையும் படித்து முடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

“ரொம்ப வலிக்குமாக்கா?” என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

“கொஞ்சம் வலிக்கும். அன்னைக்குக் கணக்குப் பாடம் இருக்காது” என்றாள் இளையவள்.